எல்லையில் கடை, மும்பையில் கணக்கு

காரோட்டுக்காரர்கள் மாநில எல்லையை ஒரு நாளில் எத்தனை முறை தாண்டுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. மீன் வாங்கக் களியக்காவிளை, ரயில் ஏறப் பாறசாலை, தாலுகா ஆபீசுக்கு நெய்யாற்றின்கரை என்று ஒரே நாளில் இரண்டு மாநிலங்களிலும் காரியம் முடித்துத் திரும்புகிறவர்கள் அவர்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர்கள் கேட்டும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. அந்தத் தாலுகாவின் தென்கோடி காரோடு. கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை முடிகிற இடம் என்பதால் இப்போது வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரிந்திருக்கிறது. முக்கோலாவிலிருந்து காரோடு வரை சுமார் 16 கிலோமீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட்டில் போட்ட தேசிய நெடுஞ்சாலை அது.

சாலை வந்தால் பின்னாலேயே கட்டடம் வரும். கட்டடம் வந்தால் சிமெண்டும் கம்பியும் விற்கும். அப்படி ஒரு கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். இருபது வருடமாகத் தொழில் செய்கிறார். செங்கவிளைப் பக்கம் ஒரு கடை, எல்லைக்கு அப்பால் ஊரம்பில் தம்பியை வைத்து நடத்தும் இன்னொரு கடை. வாங்கிய கடனைக் கட்டாமல் விட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும். சரக்கு அதிகம் போட வேண்டியிருப்பதால் வங்கியில் சி.சி. லிமிட்டைப் பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சமாக உயர்த்திக் கேட்கிறார். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "உங்களைப் பத்தி எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஆனா சிபில்ல ஒண்ணு நிக்குதே!"

இந்தக் கடைக்காரர் கற்பனை. அந்த ஒரு வாக்கியம் கற்பனையல்ல. இன்று சிறுவியாபாரிகள் வங்கியில் அதிகம் கேட்கும் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஊர் அறிந்த மனிதரை, அவரைப் பார்த்தேயிராத ஒரு பதிவு தள்ளிவைக்கிறது. அந்தப் பதிவில் இருப்பது உண்மையாக இருந்தால் பேச்சில்லை. பொய்யாக இருந்தால்?

கடன் வாங்குகிறவரைப் பற்றி விசாரித்து எழுதிவைக்கும் தொழில் புதியதல்ல. 1837-ல் அமெரிக்காவில் ஏற்பட்ட பணநெருக்கடியில் கையைச் சுட்டுக்கொண்ட லூயிஸ் டப்பான் என்ற பட்டு வியாபாரி, 1841-ல் நியூயார்க்கில் இதற்காகவே ஒரு நிறுவனம் தொடங்கினார். ஊர் ஊராக வக்கீல்கள் உள்ளூர்க் கடைக்காரர்களின் யோக்கியதையை விசாரித்து அனுப்புவார்கள். அது பேரேட்டில் ஏறும். அப்படி எழுதி அனுப்பிய வக்கீல்களில் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர். பேரேட்டில் தன்னைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

திருவிதாங்கூரில் நிலைமை தலைகீழாக இருந்தது. 1937-ல் இரண்டு வங்கிகள் இணைந்து உருவான திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்க் 1938 ஜூனில் கதவை அடைத்தபோது, உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய வழியில்லாமல் இருந்தது பணம் போட்டவர்களுக்குத்தான். இன்று வங்கியின் கணக்கு வெளியே தெரிகிறது. தெரியாமல் கிடப்பது வாடிக்கையாளருக்குத் தன்னுடைய கணக்கு. அதைப் பார்க்கும் உரிமை அவருக்குச் சட்டப்படி இருந்தும், கடன் கேட்டு மறுக்கப்படும் நாள் வரை பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

சிபில் என்பதை அரசாங்க அலுவலகம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சித்திகி தலைமையிலான குழு ஒன்று சொன்ன யோசனைப்படி 2000-ல் மும்பையில் தொடங்கப்பட்ட கம்பெனி அது. ஆரம்பத்தில் பாரத ஸ்டேட் வங்கியும் எச்.டி.எஃப்.சி.யும் பெரும்பங்கு வைத்திருந்தன. இப்போது அமெரிக்காவின் டிரான்ஸ்யூனியன் கையில் இருக்கிறது. பெயரே டிரான்ஸ்யூனியன் சிபில். தனிநபர் கடன்களை 2004 முதலும் வியாபார நிறுவனங்களின் கடன்களை 2006 முதலும் தொகுக்கத் தொடங்கியது. 2005-ல் இதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. 2010-ல் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹைமார்க் என்று மேலும் மூன்று கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. கடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்பது 2015 ஜனவரி உத்தரவு. ஆகவே 'சிபில்' என்று மக்கள் சொல்வது உண்மையில் நான்கு பேரேடுகள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் அப்படியே இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

முக்கியமான ஒரு விஷயம்: இந்தக் கம்பெனிகள் எதையும் தாங்களாக எழுதுவதில்லை. வங்கியும் நகைக்கடன் கம்பெனியும் வண்டிக்கடன் கம்பெனியும் அனுப்புவதை வாங்கி அடுக்குகின்றன. மாதம் ஒரு முறை அனுப்பினால் போதும் என்றிருந்ததை, 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. எழுதுகிறவர் கடன் கொடுத்தவர், வைத்திருப்பவர் கம்பெனி, படிப்பவர் அடுத்துக் கடன் கொடுக்கப்போகிறவர். பிழை இருந்தால் இந்த மூவருக்கும் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் நாலாவது ஆளுக்கு. பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் அவசரமும் அவர் ஒருவருக்குத்தான் இருக்க முடியும்.

காரோடு போன்ற எல்லையூரில் பிழை புகுவதற்கு வசதியான வாசல் ஒன்று உண்டு. பெயர்.

செல்லையாவின் மகன் தங்கராஜ் என்று வைத்துக்கொள்வோம். இந்த வட்டாரத்தில் ஒரு தெருவுக்கு ஒரு தங்கராஜ் கிடைப்பார். தமிழ்நாட்டுப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'ஜி' எழுத்து வரும். கேரளப் பக்கத்தில் மலையாள எழுத்தை ஒட்டி அதே இடத்தில் 'கே' போடுவார்கள். முருகனுக்கும் இதே கதிதான். தமிழ்நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். கேரளத்தில் பின்னால் போகும். செல்லையாவுக்கு ஒருவர் 'சி' போடுவார், இன்னொருவர் 'எஸ்' போடுவார். வருமான வரித்துறையின் பான் கார்டோ முதலெழுத்தையே ஏற்பதில்லை. தந்தை பெயரை முழுதாக எழுதச் சொல்லும். ஆக ரேஷன் கார்டில் ஒரு தங்கராஜ், வங்கிப் பாஸ்புக்கில் ஒரு தங்கராஜ், பான் கார்டில் இன்னொரு தங்கராஜ். மூவரும் ஒருவரே என்பது காரோட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மும்பைக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அது என்ன செய்யும்? பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போகிற பதிவுகளை ஒரே ஆளின் கணக்கில் சேர்க்கும். பான் எண் இல்லாமல் எப்போதோ வாங்கிய சிறு கடனோ, தட்டச்சில் ஓர் எழுத்து மாறிய பான் எண்ணோ இருந்தால் இரண்டு விதமாகத் தவறு நேரலாம். ஒரே ஆளின் கடன்கள் இரண்டு ஆட்களுடையவை போலப் பிரிந்துபோகலாம். ஒழுங்காகக் கட்டிய வரலாறு கண்ணில் படாமல் போய்விடும். அல்லது பக்கத்துத் தெரு தங்கராஜின் மோட்டார் சைக்கிள் கடன் இவர் தலையில் ஏறலாம். இரண்டாவது மோசம். கட்டாதவர் நிம்மதியாக வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்; கட்டியவர் மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்பார்.

இரண்டு மாநிலங்களில் கடை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரிச் சோதனைச் சாவடிகளை மறையச் செய்த ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் வந்தபோது மாநிலத்துக்கு ஒரு பதிவு கட்டாயமானது. கேரளப் பதிவெண் 32-ல் தொடங்கும், தமிழ்நாட்டுடையது 33-ல். செங்கவிளைக் கடைக்கு ஒன்று, ஊரம்புக் கடைக்கு ஒன்று. ஆனால் அந்தப் பதினைந்து எழுத்து எண்ணில் முதல் இரண்டை நீக்கிவிட்டு அடுத்த பத்தைப் பார்த்தால் இரண்டிலும் ஒரே பான் எண். வரிக்கு இரண்டு கடைகள். கடன் அறிக்கைக்கு ஒரே ஆள். ஊரம்புக் கடைக்காகத் தமிழ்நாட்டுக் கிளையில் வாங்கிய கடனில் தம்பி இரண்டு தவணை தவறவிட்டால், செங்கவிளைக் கடைக்கு லிமிட் கேட்கும்போது கேரளக் கிளையில் அது தெரியும். 'அது அந்தப் பக்கத்துக் கணக்கு' என்ற பேச்சு எடுபடாது.

பெயருக்கு அடுத்த வாசல் ஜாமீன். "மச்சான், ஒரு கையெழுத்துதான். மாசாமாசம் நான் கட்டிருவேன்" என்று சொல்லி வரும் உறவினரிடம் மறுப்பது இந்த ஊர்களில் கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருப்பதைவிடப் பெரிய குற்றம். கையெழுத்துப் போட்டவர் மறந்துவிடுவார். 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் மறக்காது. அதன் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. கடன் அறிக்கையில் ஜாமீன்தாரர் என்ற பெயரிலேயே அந்தக் கடன் இவர் பக்கத்திலும் வந்து உட்காரும். மச்சான் தவணை தவறினால் அதன் கறை இங்கேயும் படியும். மச்சான் அதைச் சொல்லவும் மாட்டார். கடன் சுமையில் இருக்கிறவர் கடைசியாகச் சொல்லுவது ஜாமீன்காரரிடம்தானே.

பணம் கட்டாவிட்டால்தான் கறை படியும் என்று நினைப்பதும் தவறு. சி.சி. கணக்கு வைத்திருக்கும் வியாபாரிக்குக் காகிதமும் பணத்துக்குச் சமம். மாதாமாதம் சரக்கு விவரம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் பழைய விவரத்தை வைத்துக்கொண்டே பணம் எடுத்தால் கணக்கு ஒழுங்கற்றது என்று கருதப்படும். அந்த நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தால் வாராக்கடன். லிமிட் காலாவதியாகி 180 நாளுக்குள் புதுப்பிக்கப்படாவிட்டாலும் வாராக்கடன்தான். வட்டி ஒரு பைசா பாக்கியில்லாமல் இருந்தாலும் சரி. வாராக்கடன் ஆவதற்கு முன்பே 30 நாள், 60 நாள், 90 நாள் என்று மூன்று படிகளில் எச்சரிக்கைக் குறி விழுகிறது. கட்ட வேண்டிய தேதிக்கும் கட்டிய தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்பது மாதவாரியாக அறிக்கையில் கட்டம் போட்டு நிற்கும். தனிநபர் அறிக்கையில் 36 மாதக் கட்டங்கள். ஓணத்துக்கு முன்னால் சரக்கு எடுத்துவிட்டு, பின்னால் வசூலாகும்போது கட்டிக்கொள்ளலாம் என்று இருப்பவர்களின் வருடங்கள் அந்தக் கட்டங்களில் அப்பட்டமாகத் தெரியும்.

கட்டி முடித்த கடனிலும் தொல்லை உண்டு. அதாலத்தில் உட்கார்ந்து பேசி, மூன்று லட்சத்துக்குப் பதில் இரண்டு லட்சம் கட்டி, கைகுலுக்கி எழுந்து வந்தவர் விவகாரம் முடிந்தது என்று இருப்பார். அறிக்கையில் 'முடிந்தது' என்று இருக்காது. 'செட்டில்டு' என்று இருக்கும். அடுத்து கடன் கொடுக்க வருகிறவர் கண்ணுக்கு அந்த வார்த்தையின் பொருள்: இவர் முழுதும் கட்டவில்லை. அது பிழையல்ல, உண்மை. எனவே புகார் செய்து நீக்க முடியாது. மிச்சத்தைக் கட்டி, வங்கியிடம் 'நோ டியூஸ்' கடிதம் வாங்கி, குறிப்பை மாற்றி அனுப்பச் சொல்வதுதான் வழி. கடன் தகவலைக் குறைந்தது ஏழு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கைகுலுக்கலின் சூடு அவ்வளவு காலம் தாங்குவதில்லை.

இதற்கு நேர்மாறான அநியாயமும் இருக்கிறது. கேரளத்து ஊர்களில் 'சர்வீஸ் சஹகரண பாங்க்' என்ற பலகையோடு இயங்கும் கூட்டுறவு சங்கங்களில்தான் பல சிறுவியாபாரிகளின் முதல் கடன் தொடங்குகிறது. ரிசர்வ் வங்கியின் உரிமம் இல்லாத சங்கங்கள் 'பாங்க்' என்ற சொல்லைப் போட்டுக்கொள்ளக்கூடாது என்று அது 2021 நவம்பரில் எச்சரித்தது. பெயர் எதுவாயிருந்தாலும், அங்கே வாங்கி ஒழுங்காகக் கட்டிய கடன் மும்பைப் பேரேட்டுக்குப் போய்ச்சேரும் என்று பொதுவாக எதிர்பார்க்க முடியாது. பத்து வருட நாணயம் பதிவில்லாமல் போகிறது. அறிந்த இடத்தில் கட்டிய நற்பெயரை அறியாத இடத்துக்கு எடுத்துச் செல்ல ஒரு பத்து பதினைந்தாயிரம் ரூபாய்க்காவது பதிவு ஏறும் இடத்தில் கடன் வாங்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. தேவையில்லாத கடனைப் பெயருக்காக வாங்கச் சொல்லும் இந்த ஏற்பாட்டை நியாயம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் நடைமுறை அதுதான்.

பார்ப்பது எப்படி? கடையைத் தனி ஒருவர் தன் பெயரில் நடத்தினால், சட்டத்தின் கண்ணில் கடையும் அவரும் ஒன்று. மேனேஜர் கடையின் அறிக்கையோடு அவருடைய சொந்த அறிக்கையையும் எடுப்பார். வீட்டுக்கடன், நகைக்கடன், கிரெடிட் கார்டு எல்லாம் அதில் இருக்கும். கூட்டு வியாபாரம் என்றால் பங்காளிகள் ஒவ்வொருவருடையதும். தனிநபர் அறிக்கையை மதிப்பெண்ணோடு வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2016 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நான்கு கம்பெனிகளும் தனித்தனியாகக் கொடுத்தாக வேண்டும். விவரமறிந்தவர்கள் நான்கையும் ஒரே நாளில் வாங்குவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வாங்குகிறார்கள். செலவில்லாமல் வருடம் முழுக்கக் கண் வைத்தது போலாகும். தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் மதிப்பெண் குறையும் என்ற பயம் பல பேருக்கு இருக்கிறது. குறையாது. குறைக்கக்கூடியது, நாலு இடத்தில் ஒரே வாரத்தில் கடனுக்கு மனுப் போடுவது. ஒவ்வொரு மனுவும் விசாரணை என்று பதிவாகும்.

நிறுவனத்தின் அறிக்கை வேறு. தனிநபருக்கு 300 முதல் 900 வரை மதிப்பெண் என்றால், சிறு நிறுவனங்களுக்கு சிபில் 2017-ல் கொண்டுவந்தது 1 முதல் 10 வரையான தரவரிசை. இதில் 1 உயர்வு, 10 மோசம். மதிப்பெண் ஞாபகத்தில் இருப்பவர்கள் 9 என்று கண்டு மகிழ்ந்துவிடக்கூடாது. இலவச அறிக்கை உத்தரவு தனிநபரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நிறுவன அறிக்கைக்கு அந்தச் சலுகையை அது தரவில்லை. அமெரிக்காவிலும் இதே கதை. 1970-ல் வந்த அவர்களுடைய கடன் அறிக்கைச் சட்டம் தனிநபருக்குக் கொடுத்த பாதுகாப்பைக் கடைக்குக் கொடுக்கவில்லை. சின்னக் கடைக்காரர் எங்கேயும் இரண்டுங்கெட்டான். ஆனால் இந்தியச் சட்டத்தின் 21-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. கடனுக்கு மனுச் செய்தவர், தன்னைப்பற்றி அந்த வங்கி வாங்கிய அறிக்கையின் நகலைக் கேட்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு வங்கி கொடுக்க வேண்டும். 'சிபில்ல ஒண்ணு நிக்குதே' என்று சொல்லும் மேனேஜரிடம் 'காட்டுங்க சார், நகல் வேணும்' என்று சொல்ல உரிமை உண்டு. பலர் அதைக் கேட்காமல் தலைகுனிந்து வெளியே வந்துவிடுகிறார்கள்.

பிழைகள் எவ்வளவு? அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒருவருடைய அறிக்கைகளில் ஒன்றிலாவது பின்னர் திருத்தப்பட்ட பிழை இருந்தது தெரியவந்தது. இங்கே நிலவரத்தை வேறு விதமாக ஊகிக்கலாம். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி நான்கு கம்பெனிகளுக்கும் ஒரே நாளில் அபராதம் விதித்தது. ஒவ்வொன்றுக்கும் 24 லட்சம் ரூபாய்க்கு மேல், அதிகபட்சம் 26 லட்சம். தகவல்களின் துல்லியத்திலும் புகார்களைக் காலத்தில் தீர்ப்பதிலும் சட்டத்தை மீறியதே குற்றம். நாலு பேரும் ஒன்றாக வகுப்பில் எழுந்து நின்ற மாதிரி.

அதன்பின் 2023 அக்டோபரில் வந்த உத்தரவுதான் சிறுவியாபாரிக்குக் கொஞ்சம் பல் கொடுத்தது. திருத்தம் கேட்டு மனுக் கொடுத்தால் 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். இதில் வங்கிக்கு 21 நாள், மிச்சம் கம்பெனிக்கு. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. யார் தாமதித்தாரோ அவர் கொடுக்க வேண்டும். 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து அமலில் வந்தது இது. திருத்த மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். யாராவது அறிக்கையை எடுத்தால் எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சலில் தகவல் வர வேண்டும். தவணை தவறியதாக வங்கி பதிவு அனுப்பும்போதும் அப்படியே. கேட்காத கடனுக்கு யாரோ அறிக்கை எடுத்ததாகச் செய்தி வந்தால் அது பான் எண் வேறு கையில் சிக்கியிருப்பதற்கு அடையாளம். ஆனால் செய்தி எந்த நம்பருக்கு வரும்? வங்கியில் பதிவாகியிருக்கும் நம்பருக்கு. எல்லையின் இரு பக்கமும் சிம் மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் பத்து வருடத்துக்கு முன் கொடுத்த நம்பர் இன்று யாரிடம் இருக்கிறதோ!

மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற சண்டைக்கு நஷ்டஈடு இல்லை. பதிவு தவறு என்றால்தான். ஆகவே புகாரில் 'என் மதிப்பெண் குறைவாக உள்ளது' என்று எழுதுவதில் பயனில்லை. எந்தக் கடன், எந்தக் கணக்கு எண், எந்த மாதக் கட்டம், சரியான விவரம் என்ன, ஆதாரம் எது என்று எழுத வேண்டும். கடன் முடிந்த நாளில் வாங்கிய 'நோ டியூஸ்' கடிதத்துக்கு அப்போதுதான் மதிப்பு தெரியும். கூரைப் பெட்டியில் நில ஆதாரத்தோடு அதையும் வைத்திருப்பவர் பாக்கியசாலி. வங்கி ஒப்புக்கொள்ளாமல் கம்பெனியால் தானாகத் திருத்த முடியாது என்பதால், புகாரின் நகல் ஒன்று வங்கிக்கும் போக வேண்டும். 'சிபில் சரிசெய்து தரப்படும்' என்று போஸ்டர் ஒட்டிப் பணம் வாங்குகிறவர்கள் செய்வதும் இந்த மனுவைத்தான். உண்மையான பதிவை நீக்க அவர்களுக்கும் முடியாது. பொய்யான பதிவை நீக்க அவர்கள் தேவையில்லை.

பதிவின் கை கடைக்கு வெளியேயும் நீள்கிறது. 2023 மே மாதம் கேரள உயர்நீதிமன்றத்துக்கு ஒரு கல்லூரி மாணவர் வந்தார். 16,667 ரூபாய் பாக்கியும் வங்கி தள்ளுபடிக் கணக்கில் எழுதிய இன்னொரு கடனும் பதிவில் இருந்ததால் மதிப்பெண் 560, கல்விக்கடன் மறுக்கப்பட்டிருந்தது. மதிப்பெண்ணை மட்டும் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்று நீதிபதி சொன்னார். 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. கடன் பதிவு சரியில்லை என்று பாரத ஸ்டேட் வங்கி ஒருவருடைய வேலை நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று தீர்ப்பு. எல்லையின் இந்தப் பக்கம் ஒரு தீர்ப்பு, அந்தப் பக்கம் ஒரு தீர்ப்பு என்று காரோட்டில் வேடிக்கையாகச் சொல்லலாம். இரண்டு வழக்கும் வேறு வேறு. ஆனால் கடையின் தவணை தவறினால் வீட்டில் படிக்கிற பிள்ளையின் கடனுக்கு அப்பா கூட்டாகக் கையெழுத்துப் போடும்போது அதுவும் புரட்டப்படும் என்பதை இவை நினைவூட்டுகின்றன.

30 நாள் கழிந்தும் வங்கியும் கம்பெனியும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் தகவல் கம்பெனிகள் 2022 செப்டம்பரிலிருந்து அவருடைய வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். இணையத்தில் மனுப் போடத் தெரியாதவர்கள் தபாலிலும் அனுப்பலாம். அந்தத் தபால்களைப் பிரித்துப் படிக்க 2021-ல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய மையம் இருப்பது சண்டிகரில். எந்த மொழியில் எழுதினாலும் வாங்கிக்கொள்வோம் என்று அறிவித்துத்தான் அதைத் திறந்தார்கள். காரோட்டுக்காரர் தமிழிலும் எழுதலாம், மலையாளத்திலும் எழுதலாம். கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பான் கார்டில் உள்ளபடி பெயர் இருக்க வேண்டும்.